இரண்டாவது சிம்

இந்நேரம் கூப்பிட்டிருப்பார்களோ என்னவோ. மத்தியானச் சோற்றைத் தின்று கை கழுவிவிட்டு மிஷினில் வந்து உட்கார்ந்ததிலிருந்து நாகமணிக்கு இதே ரோதனைதான். கையும் காலும் தம்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தன. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தோளில் சேர்த்துப் பிடி, ஊசிக்கடியில் கொடு, மிதி, ஓவர்லாக் கத்தி பிசிறை நறுக்கித் தள்ளிவிடும், எடு, அடுத்தது. வருஷக்கணக்காகத் தோள் அடிக்கிறவளுக்கு இதற்கெல்லாம் மண்டை வேண்டியதில்லை. வேலையில்லாத மண்டை சும்மா இருக்குமா, அது வீட்டுக்குப் போய்விட்டது. வீட்டில் செல்லமுத்து தூங்குகிறான். சாயப்பட்டறையில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிற மனுஷன், பகலில்தான் தூங்குவான். தலைமாட்டில் போன் இருக்கும். அந்தப் போனுக்குள் இரண்டு சிம். ஒன்று அவனுடையது, இன்னொன்று நாகமணியுடையது. ஆடி மாசம் அவளுடைய போன் தண்ணித் தொட்டியில் விழுந்து செத்துப்போன அன்றைக்கு, "போனஸ் வந்தா புதுசு வாங்கிக்கலாம் அம்மிணி, அதுவரைக்கும் இதுல கெடக்கட்டும்" என்று சொல்லி, அவள் சிம்மைக் கழற்றித் தன் போனில் சொருகிக்கொண்டவன் அவன்தான். அன்பாகத்தான் சொருகினான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆக நாகமணிக்கென்று ஒரு நம்பர் உண்டு, யார் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வாள். என்ன, அது குடியிருப்பது புருஷன் சட்டைப்பையில். இன்று காலையில் அவன் வேலை முடிந்து வந்து தண்ணி வார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், தன் நம்பர்தானே என்ற தைரியத்தில் அந்தப் போனை எடுத்து, இரண்டாவது சிம்மைத் தொட்டு, கேண்டீன் சுவரில் ஒட்டியிருக்கிற புகார் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டாள். கொடுத்த கையோடு அழித்தும் விட்டாள். அழித்தால் போன் மறந்துவிடும், சரி. அந்தப் பக்கத்தில் இருக்கிறவர்கள் மறப்பார்களா. கிறுக்கி, வடிகட்டின கிறுக்கி என்று தன்னையே வைதுகொண்டு மிதித்தாள்.

மிஸ்டு கால் என்றால் என்ன, கொடுத்ததும் திருப்பிக் கூப்பிடுவார்கள், அதுதானே உலக வழக்கம். நிச்சயம் ஆகிக் கல்யாணத்துக்குக் காத்திருந்த காலத்தில் அவளும் செல்லமுத்துவும் பேசிக்கொண்டதைவிட மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டதுதான் அதிகம். ஒரு அடி அடித்துக் கட் ஆனால் சாப்பிட்டாச்சு. இரண்டு அடி என்றால் உன் நினைப்புத்தான். மூன்றாவது அடிக்கு விட்டால் அந்தப் பக்கம் அப்பா எடுத்துவிடுவார். இன்றைக்கும் பால்காரருக்கு ஒரு அடி என்றால் நாளைக்குப் பால் வேண்டாம், கம்பெனி வேன்காரர் அடித்தால் முக்குக்கு வந்தாச்சு, வாசலுக்கு வா. இதில் யாரும் யாரையும் காக்கவைத்ததில்லை. அந்த நினைப்பில்தான் காலையில் அவள் அடுப்படியில் போனை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு நின்றாள். இப்பக் கூப்பிடுவாங்க, இந்தா இப்பக் கூப்பிடுவாங்க, சட்டென்று இரண்டு எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிடலாம். குளியலறையில் சொம்பை வைக்கிற சத்தம் கேட்டது. கூப்பிடவில்லை. தாழ்ப்பாள் விலகியது. கூப்பிடவில்லை. செல்லமுத்து தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "என்ன புள்ள, போனையே பாத்துட்டு நிக்கற, வேன் வரலியா" என்றான். "மணி பாத்தனுங்" என்றாள். எதிர்ச்சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் அதைக் கவனிக்காமல் போனை வாங்கிச் சார்ஜில் போட்டுவிட்டு இட்லிக்கு உட்கார்ந்தான். வேனில் ஏறி, ஜன்னலோரமாக இடம் பிடித்து, பாதி வழி வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, அது பால்காரர் நம்பர் இல்லை. கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற கம்பெனிக்காரன் வைத்த நம்பர். இங்கே விடிந்தால் அங்கே நடுச்சாமமோ என்னவோ. அவர்களுக்கு விடிந்து, எழுந்து, குளிருக்கு எதையோ குடித்து, சாவகாசமாக நாற்காலியில் உட்கார்ந்து, யாருடா இது புது நம்பர் என்று திருப்பிக் கூப்பிடுவதற்கு இங்கே மத்தியானம் ஆகிவிடும். மத்தியானம் ஆகிவிட்டது.

நம்பரை ஒட்ட வந்தவள் நல்ல பெண்தான். பெங்களூரிலிருந்து வந்திருந்தாள், நம்ம ஊர்த் தமிழே பேசினாள். லைன் லைனாகக் கேண்டீனில் உட்காரவைத்துச் சுவரில் படம் காட்டினாள். நீங்கள் தைக்கிற துணியை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி உங்கள் குரலைக் கேட்க ஆசைப்படுகிறது என்றாள். "பேருகூடச் சொல்ல வேண்டாம் அக்கா. உங்க போன்ல இருந்து ஒரே ஒரு மிஸ்டு கால் போதும்." உங்க போன் என்று சொல்லும்போது அவள் தன்னுடைய போனைத் தூக்கிக் காட்டினாள், பின்பக்கம் பூப்போட்டிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் போன் புருஷன் கையில், மீதிக்கு அண்ணன் தம்பி கையில், ஹாஸ்டல் பிள்ளைகளுடையது வார்டன் பீரோவில். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அது சொல்லவேண்டிய விஷயம் என்றே யாருக்கும் தோன்றவில்லை, வானம் மேலே இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா. அப்புறம் அந்தக் குரலைப் போட்டுக் காட்டினாள். திருப்பிக் கூப்பிடுவது ஆள் இல்லையாம், மிஷினாம். பொம்பளைக் குரல். தேன் ஒழுகுகிற குரல், ஆனால் எந்த ஊர்க்காரி என்று சொல்ல முடியாது, கோயமுத்தூரும் இல்லை மதுரையும் இல்லை. உங்கள் பணியிடம் குறித்துப் புகார் இருந்தால் எண் ஒன்றை அழுத்தவும், இல்லையெனில் எண் இரண்டை அழுத்தவும். ஒன்றை அழுத்தினால் அடுத்த கேள்வி. ஊதியமா, மிகைநேரமா, தகாத தொடுதலா. நடுவில், நீங்கள் பாதுகாப்பாக உணர்கிறீர்களா என்று ஒரு கேள்வி. துணியை அடுக்கிக் கொடுக்கிற கைமடிப் பெண் நாகமணியின் காதில், "உணர்றதுன்னா என்னக்கா" என்று கேட்டாள். "பொட்டாட்ட சும்மா இரு, எனக்கும் தெரியல" என்றாள் நாகமணி. தெரியாமல் என்ன, தெரியும். ஆனால் அவள் பிறந்ததிலிருந்து யாரும் அவளிடம் கேட்காத கேள்வியை ஒரு மிஷின் கேட்டது அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"என்னங்க்கா, பீஸ் தேங்குது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. திவாகரன், ஏழாவது லைன் சூப்பர்வைசர். மரியாதைக்காரன். நாற்பதைத் தொடப்போகிறவன், நெற்றியில் விபூதி, யாரையும் டி போட்டுப் பேசமாட்டான். "ஆவுதுங்க சார்" என்றாள் நாகமணி, தலையைத் தூக்காமலே. அவன் தாண்டிப் போனபோது பேன்ட் பாக்கெட்டின் ஓரத்தில் சிவப்புக் கயிறு தொங்குவது தெரிந்தது. அந்தக் கயிற்றின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் அட்டை இருக்கிறது. பாத்ரூம் டோக்கன். லைனுக்கு ஒன்று. டோக்கன் இல்லாமல் எழுந்து போனால் பாத்ரூம் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிற அம்மா திருப்பி அனுப்பிவிடும். முன்னெல்லாம் அது தூணில் ஆணியில் தொங்கும், போகிறவள் எடுத்துக்கொண்டு போவாள், வந்து மாட்டுவாள், அதில் ஒரு பேச்சும் கிடையாது. திவாகரன் இந்த லைனுக்கு வந்ததும் காணாமல் போகிறது என்று சொல்லி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கேட்டால் கொடுத்தான். அப்புறம் ஒருநாள் இரண்டு கையிலும் பண்டல் இருந்தது, "கை வேலையா இருக்கு கண்ணு, நீயே எடுத்துக்க" என்றான். நியாயம்தானே, எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் எப்போதுமே அவன் கை வேலையாக இருந்தது. அப்புறம் டோக்கன் சட்டைப்பையிலிருந்து பேன்ட் பாக்கெட்டுக்கு இறங்கியது. என்றைக்கு இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆடிட்டுக்கு ஆள் வருகிற நாளில் பார்க்க வேண்டும், பாத்ரூமில் சோப்பு மணக்கும், டோக்கன் சமர்த்தாக ஆணியில் தொங்கும். ஆடிட்காரர்கள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள், அந்தப் போட்டோ விமானம் ஏறாமலே அந்த நிமிஷமே கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிடும். போட்டோவுக்கு எத்தனை வேகம் இருக்கிறது.

அவளுக்குப் பக்கத்து மிஷின் பசந்தி, ஒடிசாக்காரி, கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறாள். கழுத்துப்பட்டை அடிப்பாள், நல்ல கை. அவள் இப்போது மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். நாகமணி ஓரக்கண்ணால் பார்த்தாள். பசந்தி திவாகரன் நிற்கிற பக்கம் பார்த்தாள், அவன் கையில் கத்தரியும் பீஸும், கை வேலையாக இருக்கிறது. பசந்தி ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள், பிறகு காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "போயிட்டு வா கண்ணு" என்றாள் நாகமணி. "வேணாம் அக்கா. அப்பறம்" என்றாள் பசந்தி. இந்த அப்பறம் தினமும் நடக்கிறது. அந்தப் பெண் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணி குடிப்பதில்லை, மத்தியானச் சோற்றையும் தண்ணி விடாமல்தான் தின்கிறாள், போன மாசம் நீர்க்கடுப்பு வந்து குளிர்காய்ச்சலில் கிடந்தாள். லைனில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள், யாரும் யாரிடமும் சொல்வதில்லை, பாட்டிலில் தண்ணி காலையில் இருந்த மட்டத்திலேயே சாயந்திரமும் இருக்கும். தனக்கு என்ன பயம் என்று நாகமணி நேற்று வரைக்கும் நினைத்திருந்தாள். அவளை அவன் அக்கா என்கிறான், அவளுக்குக் கையில் எடுத்துக் கொடுப்பான். நேற்று அவளுக்கு மாசத் தூரம். அவசரம். போய் நின்றாள். "எடுத்துக்குங்க்கா" என்றான், வேறெங்கோ பார்த்துக்கொண்டு, கையில் கத்தரி. அவள் கயிற்றைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை, அட்டை உள்ளே மடிந்து கிடந்தது. கையை விட்டாள். விட்டு எடுத்தாள். அந்தத் துணியின் சூடு விரலில் இன்னும் இருக்கிறது. பத்துத் தடவை கை கழுவியும் போகவில்லை, நேற்று ராத்திரி சோறு பிசையும்போது இருந்தது, மகள் தர்ஷிகாவுக்கு ஜடை பின்னும்போது இருந்தது. அருவருப்பு என்றால் அருவருப்பு, எச்சில் கூட்டிக்கூட்டி வந்தது.

சரி, அந்தக் குரல் கேட்டால் என்ன சொல்வது, எந்த எண்ணை அழுத்துவது. தகாத தொடுதல் மூன்றாம் எண். அவன் எங்கே தொட்டான். ஒருத்தியையும் தொடவில்லை, அது சத்தியம். கேமரா வைத்திருக்கிறார்களே, ஓட்டிப் பார்த்தால் என்ன தெரியும், அவன் கத்தரியோடு நிற்பான், இவள்தான் கையை விடுவாள். இதைப் போய்ச் சொன்னால் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி என்ன. அவர்கள் கிடக்கட்டும், வீட்டில் கேட்கிற முதல் கேள்வி என்ன. இங்கேதான் அவள் மனசு ஒவ்வொரு தடவையும் சிக்கிக்கொண்டது. செல்லமுத்து அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. அவன் கோபப்படமாட்டான். பாயில் எழுந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்பான். நீ எடுத்தியா? ஏன் புள்ள எடுத்த? எடுக்காம வந்திருக்கலாமல்லோ? அதற்கப்புறம் அவன் சொல்லப்போவதும் அவளுக்குத் தெரியும், அதையும் அன்பாகத்தான் சொல்வான். உனக்கு எதுக்குப் புள்ள இந்தக் கஷ்டம், வீட்டுல இரு, நான் பாத்துக்கறேன். முடிந்தது கதை. அந்த அன்புக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்ல முடியாது. மறுநாள் முக்குக்கு வேன் வரும், ஒரு அடி அடிக்கும், இவள் வாசலைப் பெருக்கிக்கொண்டு நிற்பாள். சொந்தக்காரர்களுக்குச் சேதி போகும், கம்பெனியில ஏதோ ஆயிப்போச்சாட்டம், அதான் நிறுத்திட்டாங்க. ஏதோ என்கிற அந்த வார்த்தைக்குள் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்வார்கள். நாளைக்கு மகளுக்கு ஒரு வரன் வந்தால் அந்த ஏதோவும் கூடவே வந்து பந்தியில் உட்காரும்.

அவளுக்கு இந்த வேலை பிடிக்கும், அதை யாரிடம் சொல்வது. கஷ்டப்பட்டு வேலைக்குப் போகிறாள் பாவம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், அவளும் ஆமாம் போட்டுவிடுவாள். உண்மையில் காலையில் வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தில் காற்று வாங்குகிற அந்தக் கொஞ்ச நேரம், கேண்டீனில் டப்பா திறந்து ஆளுக்கு ஒரு பொரியலைப் பகிர்ந்துகொண்டு சிரிக்கிற சிரிப்பு, தன் தோள் தையலைச் செக்கிங்காரி திருப்பிப் பார்க்காமலே தள்ளிவிடுகிற பெருமை, இதெல்லாம் வீட்டில் எங்கே இருக்கிறது. ஒருநாள் தர்ஷிகா அப்பாவின் போனில் எதையோ தேடி, "அம்மா, இங்க பாரு, உங்க நரி" என்று காட்டினாள். குழந்தைகள் போட்டுக்கொண்டு தூங்குகிற துணி, முன்பக்கத்தில் தூங்குகிற நரிப் படம். இவள் லைனில் ஓடினதுதான். அந்த ஊர்க் கடையில் விற்கிறார்கள், ஒரு வெள்ளைக்காரப் பையன் போட்டுக்கொண்டு பல்லைக் காட்டுகிறான். மகள் இரண்டு விரலால் படத்தை விரித்தாள், விரித்தாள், கடைசியில் திரை முழுக்கத் தோள் தையல் வந்தது. ஒரு தையல்கூட தவறவில்லை. கீழே வாங்கினவர்கள் நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தார்கள், மகள் படித்துச் சொன்னாள், எத்தனை தடவை துவைத்தும் தோள் பிரியவே இல்லை என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறாளாம். நாகமணிக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம் தாங்கவில்லை. "நம்ம ஒண்ணு திருப்பி எழுதலாமா" என்று கேட்டாள். "வாங்கினவங்கதான்மா எழுத முடியும்" என்றாள் தர்ஷிகா. சரிதான். அவள் தையலைப் பற்றி அவர்கள் இங்கே வரைக்கும் சொல்ல முடிகிறது, பக்கத்து மிஷின்காரி தண்ணி குடிக்காததை இவள் அங்கே வரைக்கும் சொல்ல வேண்டுமென்றால் புருஷன் குளிக்கப் போக வேண்டியிருக்கிறது. இப்படித் தோன்றியதும் அவளுக்கு முதல் தடவையாகப் பயத்துக்குப் பதிலாகக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் சும்மா வந்தது, வந்த வேகத்தில் மறுபடியும் பயம் அதை அமுக்கிவிட்டது.

இப்ப அடித்துக்கொண்டிருக்கும். அவன் தூக்கக் கலக்கத்தில் கையை நீட்டித் துழாவுவான், எந்த சிம்முக்கு வருகிறது என்றெல்லாம் பார்க்கமாட்டான், காதில் வைப்பான். உங்கள் பணியிடத்தில் தகாத தொடுதல். அந்தத் தேன் குரலில் அந்த வார்த்தை. இல்லை, தர்ஷிகா பள்ளிக்கூடம் விட்டு வந்து எடுத்தால் இன்னும் மோசம், அவள் ஸ்பீக்கரில் போடுவாள், பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும். இல்லை, சார்ஜ் இறங்கி ஆஃப் ஆகியிருக்கும், ஆனால் காலையில் அவளே பார்க்கச் சார்ஜில் போட்டான், கடன்காரன், என்றைக்கும் இல்லாத பொறுப்பு. இல்லை, அவர்கள் கூப்பிடவே மாட்டார்கள், எத்தனை பேர் கொடுத்திருப்பார்கள், அதில் இவள் எந்த மூலை. கூப்பிடாவிட்டால் நல்லது. கூப்பிடாவிட்டால் பசந்தி என்ன ஆவாள். "நாகமணிக்கா" என்று செக்கிங்காரி வந்து ஒரு பீஸை முன்னால் போட்டாள். இரண்டு முன்பக்கத்தைச் சேர்த்து அடித்து வைத்திருந்தாள், முன்னாலும் நரி, பின்னாலும் நரியின் மூஞ்சி. "என்னங்க்கா ஆச்சு, உங்க பீஸ் ஆல்டர்னு திரும்பி வந்து நான் பாத்ததே இல்ல" என்றாள் அவள் சிரித்துக்கொண்டு. நாகமணி பிரிக்க உட்கார்ந்தாள். ஓவர்லாக் தையலைப் பிரிப்பது லேசில்லை, நூல் நூலாக அறுத்துக்கொண்டே போக வேண்டும். பாதி பிரித்தபோது வீட்டுக்குப் போகிற மணி அடித்தது.

கேட்டுக்கு வெளியே வேன்கள் நிற்கிற வரிசைக்கு முன்னால் மொபெட்டில் செல்லமுத்து உட்கார்ந்திருந்தான். அவளைக் கூட்டிப்போக அவன் கம்பெனிக்கு வந்ததே கிடையாது. வந்துவிட்டது, தெரிந்துவிட்டது, கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே அவள் நடந்தாள், கூட்டம் இடித்துக்கொண்டு போனது அவளுக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தாள். சாதாரணமாகத்தான் இருந்தது. "பாப்பாவுக்குச் செருப்பு அந்துபோச்சாம், அப்பிடியே கடைக்குப் போயிட்டு உன்னையும் ஏத்திட்டுப் போயிரலாம்னு வந்தேன்" என்றான். அவள் ஏறி உட்கார்ந்தாள். "அப்பறம், உனக்கு ஒரு போன் வந்துச்சு" என்றான் அவன், வண்டியைத் திருப்பிக்கொண்டே. அவள் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "உன்ற கம்பெனி சம்பந்தமாத்தான். மிஷின் பேசுது. கம்பெனியில எதாச்சும் குறை இருந்தா ஒண்ணு அழுத்து, இல்லாட்டி ரெண்டு அழுத்துங்குது. எல்லாத்துக்கும் அடிக்கறாங்களாட்டம். நீதான் ஒருநாளும் கம்பெனியப் பத்திக் குறை சொன்னவ இல்லியே. ரெண்டு அழுத்தி விட்டுட்டேன். மிக்க நன்றின்னு சொல்லி வெச்சுருச்சு."

அப்பாடா. அவளுக்கு உடம்பு முழுக்க இளகி, கண்ணில் தண்ணியே வந்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை, எதுவும் தெரியாது, நாளைக்கும் வேன் வரும், ஜன்னலோரம் கிடைக்கும். பின்னால் உட்கார்ந்தபடியே அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவுதானா, இதற்கா ஒரு நாள் பூராவும் செத்தோம். வண்டி கேட்டைத் தாண்டும்போது ஹாஸ்டல் பிள்ளைகள் வார்டனுக்குப் பின்னால் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் பசந்தி, காலையில் நிறைத்த பாட்டிலை இப்போதுதான் திறந்து அண்ணாந்து குடிக்கிறாள். நிறுத்தாமல் குடிக்கிறாள், கழுத்தெல்லாம் வழிய வழியக் குடிக்கிறாள். நாகமணியைப் பார்த்ததும் பாட்டிலை எடுக்காமலே கையை ஆட்டினாள். வண்டி தாண்டிவிட்டது. குறை ஒன்றும் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. கடல் தாண்டி அந்தப் பக்கம் இந்நேரம் எழுதிக்கொண்டிருப்பார்கள், நாகமணியின் நம்பரிலிருந்து, ஏழாவது லைனில் ஒரு குறையும் இல்லை, மிக்க நன்றி. போட்டோ போன வேகத்தில் அதுவும் போயிருக்கும். அவள் கொடுத்த மிஸ்டு காலுக்கு அவன் பதில் சொல்லிவிட்டான், பாசமாக, பாதித் தூக்கத்தில், அவளை நன்றாகத் தெரிந்தவன் என்ற நம்பிக்கையில். பதறிப் பதறி ஒளித்து வைத்தாளே, அது நன்றாகவே ஒளிந்துகொண்டது, இனிமேல் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவன் தோளைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

"சித்த நிறுத்துங்" என்றாள். மில் சுவரோரம் ஆளில்லாத இடமாகப் பார்த்து ஓரம் கட்டினான் செல்லமுத்து, எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. "என்ன புள்ள?" "போனைக் குடுங்." "யாருக்கு?" "எனக்கு வந்த போனுக்கு." அவன் புரியாமல் எடுத்துக் கொடுத்தான். மத்தியானம் வந்த நம்பர் மேலேயே இருந்தது. அமுக்கிக் காதில் வைத்தாள். ஒரு அடி அடித்தது, பழக்கத்தில் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. இரண்டு அடி. மூன்றாவது அடிக்கு யாரும் எடுக்கவில்லை, நாலாவது, அதற்கும் மேலே அடித்துக்கொண்டே போனது. அந்த நம்பரை யாரும் இவ்வளவு தூரம் விட்டுப் பார்த்திருக்கமாட்டார்கள். பிறகு அந்தக் குரல் வந்தது. எங்கள் பணியாளர்கள் தற்போது அலுவலகத்தில் இல்லை, ஒலி கேட்டபின் உங்கள் செய்தியைப் பேசவும். விசில் மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை, யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிற மாதிரி ஒரு வெறுமை. ஒன்று இரண்டு மூன்று எதையும் அழுத்தச் சொல்லவில்லை. செல்லமுத்து திரும்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது, அந்தப் பயத்தோடுதான் பேசினாள்.

"என்ற பேரு நாகமணிங்க. ஏழாவது லைன், ஓவர்லாக்குங்க. காலையில மிஸ்டு கால் குடுத்தது நானுங்க. மத்தியானம் ரெண்டு அழுத்துனது நானில்லீங்க." போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டு தொடர்ந்தாள். "எங்க சூப்பர்வைசர் பாத்ரூம் டோக்கனை அவரு பேன்ட் பாக்கெட்டுல வெச்சுக்கறாருங்க. வேணும்னா கையை விட்டு எடுத்துக்கச் சொல்றாருங்க. அவரு யாரையும் தொடறதில்லீங்க. எங்களைத் தொட வெக்கறாருங்க."

செல்லமுத்து கையை நீட்டி வண்டியை அணைத்தான். ரோடே அமைதியாகிப் போனது. இனி அவள் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்கும் கேட்கும். அவள் அவனைப் பார்த்தாள், பார்வையை எடுக்கவில்லை.

"நானும் எடுத்திருக்கறனுங்க" என்றாள்.